நான்கு படங்களும் ஒரு கறிவேப்பிலைச் செடியும்

நாலு வயது நிரம்பாத என் பேத்தி, பாலர் பள்ளியிலிருந்து வந்த ஒரு மாலைப் பொழுதில், வகுப்புச் சுவரில் வட்டமாக ஒட்டியிருக்கும் நான்கு படங்களையும் ஆகாயத்தில் விரலால் தொட்டுக் காட்டி, "முட்டை, புழு, கூடு, பட்டாம்பூச்சி" என்று சுலோகம் போல ஒப்பித்தபோது, எனக்குச் சந்தோஷத்தைக் காட்டிலும் சந்தேகமே மிகுந்தது, ஏனெனில் அவள் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில், எங்கள் கொல்லைக் கறிவேப்பிலைச் செடியின் கொழுந்தில், அந்தச் சுலோகத்தின் இரண்டாவது பதம் அசையாமல் உட்கார்ந்திருக்க, அதைப் பார்த்த அவள், "தாத்தா, காக்கா எச்சம்!" என்று முகத்தைச் சுளித்தாள்.

குழந்தை மேல் பிழையில்லை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு, இளம் பருவத்தில், கரும்பழுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு பறவை எச்சத்தின் ரூபத்தையே தரித்திருக்கிறது. பறவைகளை ஏய்க்கப் போட்ட வேஷம் எங்கள் வீட்டுப் பிள்ளையை ஏய்த்ததில் என்ன அதிசயம்? படத்துப் புழுவோ பிறந்த அன்றே பச்சையாக இருக்கிறது.

மறுநாளே சிறு கிளையோடு அதை நறுக்கி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இட்டு, வாயை வேட்டித் துணியால் கட்டி எங்கள் பாடத்தை ஆரம்பித்தோம். காலையில் புது இலை போடுவதும், கடுகு கடுகாய் விழுந்து கிடக்கும் கழிவைத் தட்டிக் கொட்டுவதும் அவளுடைய உத்தியோகம். நான்காம் முறை தோலுரித்த புழு திடீரென்று பச்சையாகி நின்ற காலையில், "யாரோ நம்ம புழுவை மாத்திட்டாங்க" என்று வீட்டையே கூட்டிவிட்டாள். உரித்த சட்டையையும் அது தின்று தீர்த்திருந்தபடியால், நான் சொன்னதற்குச் சாட்சியம் ஏதும் இல்லை. தன் புழுதானா என்று விரலால் தொட்டுப் பார்த்தவளுக்கு, தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கவைக்கொம்பு ஒன்றை நீட்டி, மூக்கைத் துளைக்கும் நெடியால் அது பதில் சொல்லிற்று.

இரவுகளில் புத்தகம். எரிக் கார்ல் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் 1969-இல் வெளியிட்ட பெரும்பசிக் கம்பளிப்புழுவின் கதை அது. திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று அந்தப் புழு துளைத்துக்கொண்டு போன ஓட்டைகள் காகிதத்திலேயே இருப்பதால், குழந்தை கண்ணால் மட்டுமின்றி விரலாலும் வாசிக்கிறது. சனிக்கிழமை அது கேக்கையும் ஐஸ்கிரீமையும் விழுங்குவதைக் கேட்டவள், காலையில் பாட்டிலுக்குள் ஒரு பிஸ்கட் துண்டைப் போட்டாள். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை என்ற தன் சொந்தக் குலத்து இலைகளையன்றி வேறு ஆகாரம் அறியாத அந்த ஜீவன், பிஸ்கட்டின் மேல் ஏறி அப்பால் போய்விட்டது. "புஸ்தகத்துப் புழு பொய் சொல்லுது" என்றாள். கதையைக் கதையாக ரசிக்கவும் உண்மையை உண்மையாக நம்பவும் பழகுவதற்கு இதைவிட மலிவான உபாயம் எனக்குத் தெரியவில்லை.

புழு கூடான பிறகுதான் கஷ்டம். ஜவ்வரிசியை முட்டையாகவும், கோதுமை மாவு உருளையைப் புழுவாகவும், ஏலக்காயைக் கூடாகவும் வைத்து விளையாடினாள்; பாட்டியின் போர்வைக்குள் தானே கூடாகி அரை நிமிஷம் அடங்கியிருந்து வெளியே குதித்தாள். பாட்டிலில் இருந்ததோ குதிக்கவில்லை. 1939-இல் அடையாற்றுக்கு வந்து, யுத்த காலத்தில் கொடைக்கானலிலும் வசித்து, நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தையின் புத்தி கையின் வழியே வளர்கிறது என்று வற்புறுத்தினார். அந்தக் கை சும்மா இருக்கவும் கற்கவேண்டிய நாட்களாக எங்களுக்கு இவை அமைந்தன. பத்தாம் நாள் காலை, கசங்கிய ஈரச் சிறகோடு பூச்சி வெளிவந்து தொங்கியபோது, சிறகை நீவிவிடப் போன விரலை நான் பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது. உடம்பின் திரவம் சிறகு நரம்புகளில் ஏறி, விரிந்து உலர்ந்து, அது முருங்கைக்கு மேலே பறந்து போகும்வரை அவள் கை என் கையில்தான் இருந்தது.

இத்துடன் நிறுத்தியிருந்தால் பள்ளிக்கூடப் படம் ஜெயித்திருக்கும். ஆனால் தொட்டி விளிம்பில் தானாக அமைந்திருந்த இன்னொரு கூட்டையும் அவள் கண்டுபிடித்து, அதையும் பாட்டிலில் வைத்துக் காத்திருந்தாள். அது பழுத்து, கறுத்து, ஒரு நாள் ஊசித் துவாரம் ஒன்றின் வழியே, எறும்பினும் சிறிய குளவிகள் பத்து இருபதாக வெளிப்பட்டன. அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. "இதுங்க முட்டை எங்கே, தாத்தா?" என்றாள். கூடு புதிதாய், இளந்தோலாய் இருக்கும் தருணம் பார்த்துத் தாய்க்குளவி வந்து அதனுள்ளேயே முட்டையிட்டுப் போயிருக்கும் என்றும், உள்ளிருந்ததைத் தின்று இவை வளர்ந்தன என்றும், கூடியமட்டும் மிருதுவாகச் சொன்னேன்.

வெகு நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வேட்டித் துணியை அவிழ்த்து அவற்றையும் வெளியே விடும்படி கேட்டாள். கறிவேப்பிலைச் செடிப் பக்கம் மட்டும் விடவேண்டாம் என்றாள்.