உறுமிக்குக் கிடைத்த மூன்று இடங்கள்!

நம்ம அவிநாசிப் பக்கம் கோயில் நோம்பி என்றால் உறுமிச் சத்தம் இல்லாமலா? பிழைப்புத் தேடி சிங்கப்பூர் போன தமிழர்கள் இந்தச் சத்தத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். ஆனால், 1973-ல் அங்கே தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. கோஷ்டி மோதல்தான் காரணம்.

சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை சுமார் 4 கி.மீ. அலகு குத்திக் காவடி சுமப்பவருக்கு மேளம்தானே தெம்பு? மேளம் இல்லாமல் சொந்தபந்தங்கள் வாய்ப்பாட்டாகவே பாடிக் கூட நடந்தார்கள். 40 வருடங்களுக்கும் மேல் கழித்து, 2016-ல்தான் வழியில் மூன்று இடங்களில் மேளம் வாசிக்க அனுமதி கிடைத்தது.

அடுத்த முறை நம் தெருவில் உறுமி வந்தால், காதைப் பொத்தாமல் ஒரு நிமிஷம் நின்று கேளுங்களேன்!