அரை குன்றிமணியும் 37 கன்டெய்னரும்

என் அக்கா பையன் டெக்ஸாஸில் இருக்கிறான். பிறந்து வளர்ந்ததெல்லாம் திருவொற்றியூர். அங்கே போய் கம்ப்யூட்டரோடு நிற்காமல் காட்டுப்பன்றி வேட்டையும் பழகிக்கொண்டுவிட்டான். எனக்கு வேட்டையும் பிடிக்காது, துப்பாக்கியும் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வாரம் கடிதம் எழுதுவீர்கள்.

அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கார் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒரு மேஜை, ஒரு கைப்பிடி அச்சு, நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு தராசு. தன் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்குத் தோட்டாவைத் தானே தயாரிக்கிறானாம். கடையில் கிடைக்காதா என்றேன். கிடைக்கும், ஆனால் இவன் செய்கிற அளவுக்குக் குறி தவறாமல் போகாதாம்.

“அப்படி என்னடா ரகசியம்?”

“ஒண்ணுமில்ல மாமா. எல்லாத் தோட்டாவும் ஒரே மாதிரி இருக்கணும். அவ்வளவுதான்.”

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, கழுவி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறான். அடியில் புது கேப். உள்ளே மருந்து. மேலே குண்டு. மருந்தை ‘கிரெய்ன்’ கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெய்ன் என்பது நம் தட்டார் கணக்கில் ஏறக்குறைய அரை குன்றிமணி. அதிலும் பத்தில் ஒரு பங்கு கூடினால், குறைந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிறுக்கிறான். நான் ஏதோ ஊர்க்கதை ஆரம்பித்தேன். “மாமா, எடை போடும்போது பேச்சு குடுக்காதீங்க” என்றான். தாய்மாமனிடம்!

மேஜை மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான். இரண்டாவது டப்பா வந்தால் கை மாறிப் போகலாம். மருந்தை வேறு டப்பாவுக்கு மாற்றுவதும் கிடையாது, லேபிள் போய்விடும். சிகரெட் பேச்சே இல்லை. எந்தத் தேதி, எந்த மருந்து, எவ்வளவு எடை, எல்லாம் நோட்டில் ஏறுகிறது. இன்னொன்றும் சொன்னான். கையால் தாழ் போடுகிற பழைய ரைஃபிள் என்றால், தோட்டா கொஞ்சம் பெரிசாக இருந்தாலும் கைக்குத் தெரியும், இறுக்கும், நிறுத்திவிடலாம். செமி ஆட்டோமேட்டிக்கில் கைக்கு வேலையில்லை. ஸ்பிரிங் தானே அடித்து மூடிக்கொள்ளும். கேப் துளி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் மூடும்போதே வெடிக்கலாம். “நடுவுல தடுக்க ஆளில்ல மாமா. அதனால எல்லாத்தையும் முன்னாடியே பாத்துடணும்.”

இதை ஏன் ராயபுரத்துக்காரன் உங்களுக்குச் சொல்கிறேன்?

நம் நாட்டில் இந்த வேலையே முடியாது. வேட்டையை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் தடுத்துவிட்டது. அந்த மாதிரி ரைஃபிள் சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. தோட்டா தயாரிக்க 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ளவனும் தேர்தல் வந்தால் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. நல்லது. ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். தனி மனுஷன் கையில் இருக்கும் ஒரு தோட்டாவுக்குக்கூட நம் சர்க்கார் கணக்குக் கேட்கிறது.

இப்போது மணலிக்கு வாருங்கள்.

2015-ல் தென்கொரியாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு 740 டன் அம்மோனியம் நைட்ரேட் வந்தது. உர வகை என்று சொல்லி இறக்கியது வெடிமருந்து வகை என்று சந்தேகப்பட்டு சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அதுவரை சபாஷ். அப்புறம் 37 கன்டெய்னர்களில் மணலி சரக்குக் கிடங்கில் வைத்தார்கள். வைத்தார்கள் என்றால், வைத்தே விட்டார்கள். ஐந்து வருஷம். மழையில் கெட்டது போக 697 டன் மிஞ்சியது.

2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகம் வெடித்தது. அங்கே இருந்தது 2,750 டன், இதே சரக்கு, இதே மாதிரி கேட்பாரில்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தது. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் மணலியிலும் அப்படி ஒன்று இருப்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது. அதாவது, நமக்கு நம் ஊர்ச் சேதி பெய்ரூட் வழியாக வந்தது.

அன்றைக்கு டெக்ஸாஸிலிருந்து போன். மணலி புதுநகரில் இருக்கிற என் அக்காவிடம் பையன் கேட்கிறான்: “அம்மா, நம்ம வீட்டுக்கும் அந்த கன்டெய்னருக்கும் எவ்ளோ தூரம்?” அக்காவுக்கு எப்படித் தெரியும்? சுங்கத்துறை இரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருப்பே இல்லை என்றது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கையோ சுமார் 700 மீட்டரில் ஆட்கள் வசிப்பதாகச் சொன்னது. இரண்டும் சர்க்கார்தான். துளி மருந்தை நிறுக்கிற என் மருமகனுக்கு இந்தக் கணக்கை நான் எப்படி விளக்குவது?

“அது தானாக வெடிக்காது சார்” என்று அப்போது ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். தானாக வெடிக்காதுதான். பக்கத்தில் தீ, கூட வேறு சரக்கு, மூடின இடம், இவை சேர்ந்தால் வெடிக்கும். 1947-ல் அதே டெக்ஸாஸில், டெக்ஸாஸ் சிட்டி துறைமுகத்தில், கப்பலில் இருந்த இதே சரக்கில் தீப்பிடித்து ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? 1944 ஏப்ரல் 14, பம்பாய். ஃபோர்ட் ஸ்டைக்கின் என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள். அதே கப்பலில் பஞ்சுப் பொதி, எண்ணெய்ப் பீப்பாய். மேஜையில் ஒரே டப்பா என்று என் மருமகன் வைத்திருக்கிற விதியை யுத்தகால சர்க்கார் கப்பலில் வைக்கவில்லை. பஞ்சு பற்றியது. துறைமுகமே போனது.

நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெய்ரூட் நடந்த சில நாட்களிலேயே கன்டெய்னர்கள் ஹைதராபாத்துக்கு லாரி ஏறத் தொடங்கின. 2021-ல் விதிகளைத் திருத்தி, பறிமுதல் சரக்கைச் சீக்கிரம் ஏலம் விட வழி செய்தார்கள். சரி. ஆனால் சில நாளில் முடிந்த வேலை ஏன் ஐந்து வருஷம் முடியவில்லை? கேஸ், ஏலம், ஃபைல், கையெழுத்து என்பார்கள். அந்த ஃபைல்தான் எனக்கு செமி ஆட்டோமேட்டிக்காகத் தெரிகிறது. ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குத் தானே நகர்கிறது, எந்தக் கைக்கும் இறுக்கம் தெரிவதில்லை.

அண்ணா நகரிலும் அடையாறிலும் இருக்கிற வாசகர்கள் ஒன்று யோசியுங்கள். அந்த 37 கன்டெய்னர் போட் கிளப் ரோடு பக்கத்தில் ஐந்து நாள் நின்றிருக்குமா? எங்கள் பக்கம் என்றால் எதுவும் நிற்கலாம். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில், கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடு ராத்திரியில் ரோட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடணும் என்று அவர்களுக்கு யாராவது முன்கூட்டி சொல்லி வைத்திருந்தார்களா?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மணலி, மாதவரம், திருவொற்றியூர், எண்ணூர் கிடங்குகளில் இன்றைக்கு என்ன ஆபத்தான சரக்கு, எத்தனை டன், எப்போது வந்தது, எப்போது போகும் என்று மாதம் ஒருமுறை வார்டு ஆபீஸ் வாசலில் தமிழில் ஒரு தாள் ஒட்டுங்கள். தீ பிடித்தால் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று அதிலேயே ஒரு வரி. “பாதுகாப்பு ரகசியம், திருடன் வருவான்” என்று பதில் வரும். கிடங்கின் எண்ணைப் போட வேண்டாம் ஐயா, சரக்கின் பெயரையும் எடையையும் போடுங்கள். எங்களுக்கு அது போதும். தன் டப்பாவின் லேபிள் கிழியாமல் பார்த்துக்கொள்ள கார் ஷெட்டில் ஒருத்தனால் முடிகிறது.

அக்காவை வீடு மாற்றச் சொல்லி மருமகன் இன்னும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். சம்பாதித்துக் கட்டின வீடு. டிரெய்லர் லாரி தெருமுனையில் திரும்பும்போது மட்டும் வாசலுக்கு வந்து, பெட்டி மேலே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறாளாம்.