தொடாத வைத்தியம்

அம்மா நீட்டிய கையில் மாத்திரையைக் கொடுக்காமல், காகிதத்தில் வைத்து மேசைமேல் தள்ளிவிட்டார் கம்பவுண்டர். சின்னப்பிள்ளையாய் இருந்து பார்த்தவன் நான். தொட்டால் தீட்டாம்.

2019 நவம்பரில் இ-சஞ்சீவனி வந்தது. டாக்டர் திரையில் பேசுகிறார். 2021இல் நாடு முழுக்க 14 இலக்க உடல்நல எண். நவீனம் என்கிறார்கள். கருவிக்கு நான் எதிரியில்லை தோழர்களே. நகரத்து நிபுணரின் சொல் சேரிக்கு வரட்டும். ஆனால் வயிற்றை அமுக்கிப் பார்க்கத் திரைக்குக் கை ஏது? அதுக்குத்தான் துணை சுகாதார நிலையத்தில் நோயாளி பக்கத்தில் ஓர் ஊழியர். அந்தக் கை எங்க சனத்தைத் தொடுதா? அந்தக் கால் எங்க தெருவுக்குள்ள வருதா? இதைக் கேட்காத நவீனம், பழைய தீட்டுக்குப் போட்ட புதுத்திரை. எண் கிடக்கட்டும். முதலில் எங்கள் நாடியைப் பிடித்துப் பாருங்கள்.