குற்றவாளிக் கூண்டில் மரபணு

குற்றம் புரிந்தவன் தன் மரபணுவின் கைதி, ஆகவே அவனைத் தண்டிப்பது அறிவியலுக்கு முரணானது என்று நண்பர்கள் சிலர் வாதிட்டு வருகிறார்கள். இரக்கத்தில் பிறந்த வாதம் என்பதாலேயே இதை நாங்கள் கூடுதல் கவனத்தோடு மறுக்க வேண்டியிருக்கிறது.

2009இல் இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கொலையாளியின் சிறைத்தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. அவரிடம் எம்ஏஓஏ மரபணுவின் செயல்திறன் குறைந்த வடிவம் இருந்தது அதற்கான காரணங்களுள் ஒன்று. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் அதே வடிவம் உண்டு. அவர்களெல்லாம் கொலை செய்துகொண்டா திரிகிறார்கள்?

"மாற்றவியலாத இயல்பு என்றால் இவனை வெளியே விடுவானேன்?" என்று நாளை அரசுத் தரப்பு கேட்டால் நண்பர்கள் என்ன சொல்வார்கள்? இது வீண் அச்சமன்று. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தாய், மகள், கைக்குழந்தை என மூன்று தலைமுறையும் அறிவு குன்றியது என்பதே காரணம். அந்தக் குழந்தை பின்னர் பள்ளியில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றது. அமெரிக்காவில் இத்தகைய சட்டங்களால் 60,000க்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு உள்ளானார்கள்.

ஓக்லஹோமாவின் 1935ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. மீண்டும் மீண்டும் குற்றம் புரிந்தோருக்குக் கருத்தடை என்ற அச்சட்டம், கையாடல் செய்தோருக்கு விலக்களித்தது. கோழி திருடியவனின் குருதியில் குற்றம் ஓடுமாம், கணக்கில் கைவைத்த குமாஸ்தாவின் குருதியில் ஓடாதாம்! இந்தப் பாகுபாட்டைச் சுட்டியே உச்ச நீதிமன்றம் 1942இல் அச்சட்டத்தைச் செல்லாதென்றது.

நடத்தையில் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. எண்ணற்ற மரபணு வேறுபாடுகளின் சிறு சிறு தாக்கங்கள் வாழ்சூழலோடு பின்னிக் கிடக்கின்றன. மக்கள்திரள் பற்றிய அந்தப் போக்குகளை வைத்து, ஒரு மனிதன் ஓர் இரவில் செய்த செயலை அளக்க முடியாது. வறுமையும் சிறுவயதில் பட்ட அடியும் நீதிபதியின் முன் வைக்கத் தக்க வாதங்களே. அவற்றுக்கு மரபணுச் சான்றிதழ் எதற்கு? தேவை என்று நாம் ஒப்புக்கொண்டால், அதை வழங்கும் அதிகாரம் மறுபடியும் அரசின் கைக்கே போகும். அந்தக் கை முதலில் யாரைத் தேடி நீண்டது என்பதைக் கேரி பக்கின் வழக்கில் பார்த்தோம்.