எலும்புக்குப் பயந்து இன்ஹேலரை ஒதுக்கலாமா?

"ஸ்டீராய்டு மருந்தா? வேண்டாம், எலும்பைக் கரைத்துவிடும்!" ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் பலர் இப்படிச் சொல்லி, மருத்துவர் கொடுத்த தடுப்பு இன்ஹேலரை அலமாரியிலேயே வைத்துவிடுகிறார்கள். மூச்சு முட்டும்போது மட்டும் நீல நிற இன்ஹேலரை எடுத்து இழுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ அம்மாவோ இருக்கலாம். அவர்களுடைய பயம் வெறும் கட்டுக்கதை அல்ல. ஆனால், பயப்பட வேண்டிய மருந்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பதே என் கருத்து.

முதலில் எலும்பைப் பார்ப்போம். எலும்பு சுவர்போல ஒருமுறை கட்டி முடிக்கப்பட்ட பொருள் அன்று. ஒரு வகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கின்றன; இன்னொரு வகை புதிய எலும்பைக் கட்டுகின்றன. இந்த வேலை வாழ்நாள் முழுவதும் நடக்கிறது. ஸ்டீராய்டு இரத்தத்தில் அதிகமானால் கட்டும் உயிரணுக்கள் குறைகின்றன. அரிக்கும் உயிரணுக்கள் கூடுதல் காலம் உயிர் வாழ்கின்றன. குடல் உணவிலிருந்து எடுத்துக்கொள்ளும் கால்சியம் குறைகிறது. சிறுநீரில் வெளியேறும் கால்சியம் கூடுகிறது. நாளடைவில் எலும்பு அடர்த்தி இழந்து, சாதாரணமாகத் தடுக்கி விழுந்தாலே முறியும் நிலைக்கு வருகிறது. இதைத்தான் எலும்புப்புரை நோய் என்கிறோம்.

(உடற்கட்டுக்காகச் சிலர் முறைகேடாகப் பயன்படுத்தும் ஸ்டீராய்டு வேறு. ஆஸ்துமா மருந்து, நம் சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பி இயற்கையாகச் சுரக்கும் கார்ட்டிசோலைப் போன்றது.)

இப்போது கேள்விக்கு வருவோம். ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இரண்டு வழிகளில் உடலுக்குள் போகிறது. ஒன்று, தினமும் சிறிதளவு இழுக்கும் தடுப்பு இன்ஹேலர். மற்றொன்று, கடுமையான மூச்சுத்திணறல் வந்தபின் கொடுக்கப்படும் பிரெட்னிசோலோன் மாத்திரை. இரண்டின் அளவையும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரியவர் ஒருவர் பியூடெசோனைடு இன்ஹேலரை நாளுக்கு 400 மைக்ரோகிராம் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு 146 மில்லிகிராம் ஆகிறது. கடுமையான தாக்குதலுக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் மாத்திரை என்று ஐந்து நாள் சாப்பிட்டால் 200 மில்லிகிராம் ஆகிறது. ஐந்து நாள் மாத்திரையின் எடை, ஓராண்டு இன்ஹேலரின் எடையைத் தாண்டிவிடுகிறது!

இரண்டும் வெவ்வேறு மருந்துகள். ஒரே எடைக்கு ஒரே வலிமை இல்லை. ஆனால், இன்ஹேலர் மருந்து போக வேண்டிய மூச்சுக்குழாய்க்கே நேராகப் போகிறது. தொண்டை வழியாக விழுங்கப்படும் பகுதியில் பெரும்பங்கைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. மாத்திரையோ இரத்தத்தில் கலந்து எலும்பு உட்பட உடல் முழுவதும் போகிறது. வாழ்நாளில் நான்கைந்து முறை இத்தகைய மாத்திரைச் சிகிச்சை பெற்ற பெரியவர்களுக்கே எலும்புப்புரை, நீரிழிவு, கண்புரை ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது என்று 'ஜினா' எனப்படும் அனைத்துலக ஆஸ்துமா அமைப்பு எச்சரிக்கிறது.

சிக்கல் எங்கே என்று இப்போது புரிகிறதா? எலும்புக்குப் பயந்து தடுப்பு இன்ஹேலரை நிறுத்துகிறார்கள். மூச்சுக்குழாயில் வீக்கம் தணியாமல் இருக்கிறது. புகைமூட்டமோ சளிக்காய்ச்சலோ வந்தால் தாக்குதல் வருகிறது. தாக்குதலுக்கு மாத்திரை தேவைப்படுகிறது. எதற்குப் பயந்தார்களோ அதையே அதிகமாக வாங்கிக்கொள்கிறார்கள். நீல இன்ஹேலர் குழாயைச் சற்று நேரம் விரித்துவிடும், வீக்கத்தைக் குறைக்காது. அதனால்தான் 2019இல் ஜினா, பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் அதை மட்டுமே தனி மருந்தாகக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

இன்ஹேலரால் எலும்புக்கு எந்தப் பாதிப்பும் கிடையாது என்று நான் சொல்லவில்லை. உயர்ந்த அளவில் பல ஆண்டுகள் பயன்படுத்தினால் எலும்பு அடர்த்தி ஓரளவு குறையலாம். எனவே, நோய் கட்டுக்குள் வந்தபின் மருந்தை எவ்வளவு குறைக்கலாம் என்று மருத்துவரைக் கேட்பது நல்லது. ஆனால், தாமாகவே நிறுத்தக் கூடாது. தாக்குதலின்போது மாத்திரையை மறுப்பதும் தவறு. அப்போது அது உயிர் காக்கும் மருந்து. நீண்டநாள் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

மாணவர்களாகிய நீங்கள் என்ன செய்யலாம்? வீட்டில் ஆஸ்துமா உள்ளவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீல இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்படுகிறதா? கடந்த ஓராண்டில் எத்தனை முறை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டார்? இதை மருத்துவரிடம் சொன்னாரா? மருந்தகம் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாத்திரை வாங்கினால் மொத்தக் கணக்கு யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஒரு தாளில் தேதியுடன் எழுதி வையுங்கள். அடுத்த சந்திப்பில் அந்தத் தாளைக் கொடுத்து, எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்றும் கேட்கச் சொல்லுங்கள். பால், நெத்திலி போன்ற கால்சியம் உள்ள உணவும், தினமும் நடப்பதும், புகை பிடிக்காமல் இருப்பதும் எலும்புக்குத் துணை.

தடுப்பு இன்ஹேலரை இழுத்தபின் வாயைக் கொப்பளிக்கவும் நினைவூட்டுங்கள். பெரியவர்கள் நம் பேச்சைக் கேட்பார்களா என்று தயங்க வேண்டாம். மேலே போட்ட கணக்கை ஒருமுறை அவர்கள் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.