சேம்பர் சொட்டுதா பாஸ்?

கீழ்பென்னாத்தூர்ல எங்க வீட்டு வாசல்ல தினமும் ஆயில் கோலம் பாஸ்! அப்பாவோட பழைய காருக்கு ஆயில் சேம்பர் துருப்பிடிச்சு ஓட்டை. ‘பேஸ்ட் வெச்சு அடைச்சுடலாம்டா’ன்னார். துரு தின்ன தகட்டுல அது எத்தனை நாள் நிற்கும்? ஆயில் தீர்ந்தா இன்ஜினே ஜாம் ஆயிடும். சேம்பரையே மாத்திட்டேன்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுத்துடாதீங்க, ஸ்டாண்ட் கட்டாயம். ஆயிலை வடிச்சு, 10-ம் நம்பர் ஸ்பேனரால போல்ட்டைக் கழட்டி, பழைய கேஸ்கெட்டைச் சுத்தமா சுரண்டணும். (இதுக்கே அரை நாள் போச்சு!) மாட்டும்போது ஜிம் பலத்தைக் காட்டினா தகடு வளைஞ்சு மறுபடி ஒழுகும். நடுவுலேருந்து எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். இந்தக் குட்டி போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும்.

‘பழைய ஆயிலை வேலியோரம் ஊத்துடா, கரையான் வராது’ன்னாங்க அம்மா. கிணத்துத் தண்ணியை நாமதானே குடிக்கிறோம்? கேன்ல பிடிச்சு ஒர்க்ஷாப்புல கொடுத்துட்டேன்.

புது ஆயில் ஊத்தி, இன்ஜினை ஓடவிட்டு, அடியில பேப்பர் விரிச்சேன். காலையில ஒரு சொட்டு இல்லை. அம்மா அங்கேயே புள்ளி வெச்சாங்க.