அங்கத்தினர் விவரங்களுக்குக் காவல் யார்?

அண்மைக் காலமாக அரியக்குடி, காரைக்குடி வட்டாரத்துச் சங்கங்களில் அங்கத்தினர்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு தர்க்கம் எழுவதைக் காண்கிறோம். நம்மைப் பற்றிய விவரங்களை அரசாங்கம் திரட்டுவது ஆபத்தா, தனியார் கம்பெனிகள் திரட்டுவது ஆபத்தா என்பதே அது. "அரசாங்கத்துக்குக் கொடுத்தால் நெசவாளர் அட்டை வருகிறது, மானியம் வருகிறது, கம்பெனிக்காரனுக்கு ஏன் கொடுக்கவேண்டும்?" என்பர் ஒரு சாரார். "கம்பெனி நம்மைப் பிடித்துச் சிறையில் போடாது, சர்க்கார் போடும்" என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், இத்தர்க்கத்தில் மூன்றாவது ஒருவரை எல்லோரும் மறந்துவிடுகின்றனர். அவர் நமது சங்கமேயாவார். ஆதார் நகல், பட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், அடகு வைத்த நகையின் எடை ஆகிய இத்தனையும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பது போலீஸ் நிலையத்திலன்று, சங்கத்து அலமாரியில்தான்.

முதலில் அரசாங்கத்தை எடுத்துக்கொள்வோம். கைரேகை என்றவுடன் மதுரைச் சீமையில் இன்றும் நினைக்கப்படுவது ரேகைச் சட்டம். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு மக்கள் இட்ட பெயர் அது. பிறந்த குலத்தைக் கொண்டே ஒரு சமூகத்தாரைக் குற்றவாளிகள் என வைத்து, அவர்களுடைய கைரேகையைப் பதிந்து, இரவில் காவல் நிலையத்திலும் சாவடியிலும் படுக்கச் செய்தனர். வெளியூர் செல்வோர் ராதாரிச் சீட்டு வாங்கிக்கொண்டே செல்லவேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டிக்கு அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த ஜனங்களின் மீது போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். 16 பேர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. ஒருவர் குற்றம் செய்தாரா என்ற விசாரணைக்கே அதில் இடமில்லை; பதிவேட்டில் பெயர் இருந்ததே போதுமானதாயிற்று.

இன்று நியாயவிலைக் கடையில் நாம் விரல் வைப்பதை அதனோடு ஒப்பிடுவது மிகையாகும் என்பதே நமது அபிப்பிராயம். அரிசி வாங்க வைக்கும் விரலும், அடிமைப்படுத்தக் கேட்ட விரலும் ஒன்றல்ல. எனினும் சாயத்திலும் பாவிலும் நாற்பது ஆண்டு உழைத்த நெசவாளியின் விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. கருவி அவரை அடையாளம் காண மறுக்கும்போது, பிறந்து வளர்ந்த ஊரின் கடையிலேயே 'நீர் அவரல்லர்' என்று சொல்லக் கேட்டு அவர் நிற்கிறார். மாற்று வழிகள் விதியில் உண்டு. வரிசையில் நிற்பவருக்கு அவற்றை எடுத்துச் சொல்வார்தாம் இல்லை.

அரசாங்கத்தின் கண்ணும் காதும் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு நீதிமன்றங்கள் வரம்பு கட்டியே வந்துள்ளன. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு தொழிலதிபரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011-இல் மத்திய உள்துறை பிறப்பித்த உத்தரவை ரத்துச் செய்தது. லஞ்சத்தைக் கண்டுபிடிக்கவே கேட்டோம் என்றது அரசுத் தரப்பு. பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ இன்றி, சட்டம் வகுத்த முறையையும் பின்பற்றாமல் கேட்டது செல்லாது என்றது நீதிமன்றம். நோக்கம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது என்னும் இந்நியாயம், பணக்காரர் வழக்கில் பிறந்ததாயினும் நம் எல்லோருக்கும் பொதுவானது.

இதனால் பதிவேடு என்பதே தீது என்று நாம் சொல்ல வரவில்லை. பதிவேடு இல்லாமல் கூட்டுறவு ஏது? செட்டிநாட்டு நகரத்தார் வழக்கத்தையே பார்க்கலாம். திருமணமான ஒவ்வொரு குடும்பமும் அவரவர் நகரக் கோயிலில் ஒரு புள்ளியாக எழுதப்படுகிறது. புள்ளிக்கு இவ்வளவு என வரி உண்டு; கல்யாணத்துக்குக் கோயில் மாலை வரும். எழுதுகிறவர் யார், எதற்காக எழுதுகிறார், அதனால் தமக்கு என்ன உரிமை, என்ன கடமை என்பன எழுதப்படுகிறவருக்குத் தெரியும். சங்கப் பதிவேடும் அவ்வாறே நன்மை செய்திருக்கிறது. 2021-இல் ஐந்து சவரனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடியின்போது, ஒருவரே பல கடன்கள் வாங்கியிருந்தமை விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்ததனாலேயே வெளிவந்தது. ஏழைக்கு உரியதை வேறொருவர் கொண்டுபோவதைக் கணக்குத்தான் தடுக்கும்.

கம்பெனிகளின் வழி வேறு. அவை கட்டாயப்படுத்துவதில்லை, 'சம்மதம்' என்ற பொத்தானை நம்மைக்கொண்டே அழுத்தச் செய்கின்றன. கைபேசிக் கடன் செயலிகளால் 2020, 2021 ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பட்ட பாட்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஐயாயிரம் ரூபாய்க் கடனுக்கு, கைபேசியிலுள்ள பெயர்கள், எண்கள், புகைப்படங்கள் யாவையும் அச்செயலி வாரிக்கொள்ளும். தவணை ஒரு நாள் தவறினால் சம்பந்தி வீட்டுக்கும், மகள் படிக்கும் பள்ளி ஆசிரியருக்கும் அவதூறான செய்தி போகும். மானம் பொறுக்காமல் உயிரை விட்டோரும் உண்டு. இந்நாட்டார்க்குக் கடன் தொழில் புதிதன்று. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள் வைத்து, பர்மா வரை கடை நடத்திய சீமை இது. அக்கடைகளின் வட்டி இனித்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், கடன் கேட்டவனுடைய உறவினர் அனைவரின் விலாசத்தையும் ஈடாக எழுதி வாங்கும் வழக்கம் அப்பேரேடுகளில் இல்லை. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் கைபேசியின் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடலாகாது என்று விதித்தது. முறையாகப் பதிவுபெற்ற நிறுவனங்களை அவ்விதி கட்டுப்படுத்தும். விலாசமே இல்லாதவர்களை யார் கட்டுப்படுத்துவது?

இவ்விரண்டில் எது பெரிய ஆபத்து என்று கேட்டால், இரண்டும் கைகோக்கும் இடமே என்போம். 2018-இல் தெலங்கானாவில் நடந்ததொரு மோசடி இதற்குச் சான்று. நிலப் பதிவுக்காக மக்கள் அரசு ஆவணத்தில் வைத்த கட்டைவிரல் ரேகைகள் இணையத்தில் எவரும் காணக் கிடந்தன. ஒருவர் அவற்றை எடுத்து, ரப்பர் அச்சுச் செய்து, ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளை அந்தப் பெயர்களில் உயிர்ப்பித்தார். விற்பனை இலக்கை எட்டுவதே அவர் நோக்கமாம்! நிலம் வாங்கியவர் அரசாங்கத்தை நம்பி ரேகை வைத்தார். அது வியாபாரத்துக்குப் பயன்பட்டது. ஒருமுறை களவுபோன பூட்டை மாற்றலாம். விரலை மாற்ற முடியுமா?

உழவர் அன்பர்கள் இதனை ஊன்றி நோக்கவேண்டும். 2021 ஏப்ரலில் மத்திய வேளாண் அமைச்சகம், ஆறு மாநிலங்களின் 100 கிராமங்களில் முன்னோட்டத் திட்டம் நடத்த மைக்ரோசாஃப்ட் கம்பெனியுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. உழவர் விவரங்களைக் கம்பெனிகளோடு பகிர்வதற்கு முன் உழவரைக் கேட்டீர்களா என்று 55 அமைப்புகள் ஆட்சேபித்தன. 2025-இல் நமது மாநிலத்திலும் நில விவரம், ஆதார், கைபேசி எண் மூன்றையும் இணைத்து உழவருக்குத் தனி அடையாள எண் வழங்கும் பணி நடைபெற்றது. எண் வழங்குவதை நாம் எதிர்க்கவில்லை. யாருக்கு எத்தனை ஏக்கர், என்ன பயிர், எவ்வளவு கடன் என்பதை விளைச்சலுக்கு முன்னரே அறிந்த வியாபாரி, களத்துமேட்டில் என்ன விலை பேசுவான் என்பதையே கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், தனியார் கம்பெனிகள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கேட்க வழிசெய்த பிரிவை நீக்கியது. 2019-இல் வந்த திருத்தமும் 2025 ஜனவரியில் வந்த விதிகளும் அந்த வாசலை மீண்டும் ஓரளவு திறந்துவிட்டன. 2023-இல் தனிநபர் விவரப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லியே கேட்கவேண்டும். அதனைத் தமிழிலும் அறிய நமக்கு உரிமை உண்டு. சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். வேலை முடிந்தபின் அழிக்கச் சொல்லலாம். நல்ல சட்டமே. ஆயின் மத்திய அரசு தான் குறிப்பிடும் தன் அமைப்புகளுக்கு இதிலிருந்து விலக்கு அளித்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் கூறுகிறது. கம்பெனிக்கு வேலி கட்டியவர்கள் தம் வீட்டு மாட்டுக்கு மட்டும் படல் திறந்துவைத்தது முறையாகத் தோன்றவில்லை. நாமும் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களே. எனினும் இதைச் சொல்லாதிருக்க முடியவில்லை.

இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரவேண்டியவை. கணினியில் விவரம் வைத்திருக்கும் சங்கங்களையும் அவை கட்டுப்படுத்தும். 2022-இல் 2,516 கோடி ரூபாய்ச் செலவில் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு அனுமதி அளித்ததையும் இத்துடன் சேர்த்து எண்ணுக. முன்பு ஒரு பேரேட்டைத் திருடவேண்டுமானால் சங்கக் கதவை உடைக்கவேண்டும். இனிக் கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டிவைத்தாலே போதும். ஒட்டிவைத்திருக்கும் சங்கங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

பரிசோதனைக்குச் செல்லுமிடங்களில் நம் கண்ணில் படும் வேறு சிலவும் உண்டு. வேட்டி, துண்டு தள்ளுபடியில் வாங்க வந்தவரிடமும் ஆதார் நகல் கேட்கிறார்கள். எதற்கென்று வினவினால், "இருக்கட்டுமே" என்பதே பதில். தவணை தவறிய அங்கத்தினர்களின் பட்டியலைப் படத்தோடு வாட்ஸ்அப் குழுவில் இடும் வழக்கமும் தலைகாட்டுகிறது. வெட்கப்பட்டால்தான் பணம் வரும் என்கிறார்கள் வசூல் செய்பவர்கள். வசூலிக்க 1983-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் போதிய வழி இருக்கும்போது, கடன் செயலியின் வழியைக் கூட்டுறவு ஏன் கைக்கொள்ளவேண்டும்? அங்கத்தினரின் கைபேசி எண்களைக் காப்பீட்டு முகவருக்கோ உரக் கம்பெனிக்கோ 'உபகாரமாக'க் கொடுப்பதும் நிற்கவேண்டும். 2013-இல் கேரளத்துத் தலப்பலம் சங்க வழக்கில், கூட்டுறவுச் சங்கம் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பொது அதிகார அமைப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியதோடு, அங்கத்தினரின் சொந்த விவரங்களுக்குரிய அந்தரங்கத்தையும் எடுத்துரைத்தது. பதிவாளரும் நம் போன்ற ஆய்வாளரும்கூடச் சட்டம் அனுமதித்த அளவுக்கே கேட்டுப் பெறலாம்; கண்ணில் பட்டதையெல்லாம் கொண்டுபோக முடியாது.

அடுத்த பேரவையில் இதனை ஒரு பொருளாக வைக்குமாறு அங்கத்தினர்கள் எழுதிக்கொடுக்கலாம். எந்தக் காரியத்துக்கு எந்த விவரம் தேவை என்று முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதிச் சங்க வாசலில் ஒட்டலாம். ஆதார் நகல் அவசியமான இடத்திலும், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட நகலே பல காரியங்களுக்குப் போதும். அதன் குறுக்கே இன்ன காரியத்துக்கு, இன்ன தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்திடும் பழக்கம் வரவேண்டும். விரல் ரேகையைப் பூட்டிவைக்கும் வசதி ஆதார் தளத்திலேயே இருக்கிறது. அதனை அங்கத்தினருக்குச் செய்து கொடுப்பது சங்க எழுத்தருக்குப் பெரிய வேலையன்று.

பல ஆண்டுகளாகக் குவிந்துகிடக்கும் பழைய நகல்களில், தணிக்கைக்கு வேண்டாதவற்றைத் தீர்மானம் எழுதி, இரண்டு அங்கத்தினர் முன்னிலையில் அழித்துவிடலாம். எடைக்கு மட்டும் போடவேண்டாம். கடைத்தெருவில் பஜ்ஜி மடித்துத் தந்த தாளில் யாரோ ஒருவருடைய ஆதார் எண்ணையும் நகைக்கடன் தொகையையும் படித்தவர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கக்கூடும்.